முட்டையை முதலில் எடுத்துவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் சமையல் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. எனக்கு உருப்படியாகச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சீனர்கள் வீட்டில் செய்யும் தக்காளி முட்டை. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

வேலை விஷயமாக வடகிழக்குச் சீனாவில், ஷென்யாங் நகரத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். பக்கத்து வீட்டில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. அந்த வயதுப் பெண்களை அங்கே ‘ஆயி’ என்று கூப்பிடுவார்கள். நாம் சித்தி என்பதுபோல. நமக்கு ஆயி என்றால் தாய். அதனால் என் வாயில் தடுக்காமல் வந்த முதல் சீனச் சொல் அதுதான்.

ஒருநாள் அவர் வந்திருந்த நேரம், நம்ம ஊர் முறையில் வெங்காயம் தக்காளியை வதக்கி, அதன் மேலேயே நாலு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினேன். ஆயி சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இது கஞ்சியா?” என்றார். மறுநாள் என்னைத் தன் அடுப்படியில் நிற்கவைத்துச் செய்து காட்டினார்.

இரண்டு பேருக்கு மூன்று முட்டை, பழுத்த தக்காளி பெரிதாக இரண்டு. முட்டையில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு ஸ்பூன் தண்ணீரும் விட்டு, வெள்ளை தனி மஞ்சள் தனி என்று தெரியாதபடி அடிக்க வேண்டும். இருப்புச்சட்டியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். கூடுதலாகத்தான் தோன்றும்; குறைத்தால் முட்டை உப்பாது. ஆயி ஒரு மூங்கில் குச்சியின் நுனியை முட்டையில் தோய்த்து எண்ணெயில் வைத்துப் பார்த்தார். நுனியைச் சுற்றிப் பொரபொரவென்று குமிழி வந்ததும் மொத்த முட்டையையும் ஊற்றினார். ஓரமெல்லாம் புஸ்ஸென்று எழும்பியது. உடனே கிளறவில்லை. ஓரத்தை நடுப்பக்கமாகத் தள்ளி, வழிகிற முட்டையைச் சட்டியின் சூட்டுக்கு விட்டார். மேலே இன்னும் ஈரம் மினுங்கும்போதே வழித்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டார். எல்லாம் அரை நிமிஷத்துக்குள்.

விஷயமே இதில்தான் இருக்கிறது. தக்காளிச் சாற்றில் முட்டையை வேகவிட்டால் துண்டு நிற்காது, கரைந்துவிடும். சூடான எண்ணெயில் முதலிலேயே இறுகிய முட்டை பஞ்சு மாதிரி இருக்கும். பிறகு அந்தச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். பாதி வெந்ததை வெளியே எடுக்க எனக்கு மனசு வரவே இல்லை. மூன்று தடவை ரப்பராக்கிய பிறகுதான் கை பழகியது.

அப்புறம் அதே சட்டியில் கொஞ்சம் எண்ணெய், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, துண்டு போட்ட தக்காளி. உப்பை இப்போதே போட்டால் தக்காளி சீக்கிரம் நீர் விடும். பாதித் துண்டுகளைக் கரண்டியால் நசுக்கி, பாதியை அப்படியே விடுங்கள். நாட்டுத் தக்காளி என்றால் ரொம்ப நல்லது. சாறு லேசாகக் கெட்டியானதும் முட்டையைத் திரும்பப் போட்டு இரண்டு புரட்டு, மேலே பச்சை வெங்காயத்தாள், அடுப்பை அணைத்துவிடலாம். கடுகு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை போடலாமா என்று கேட்டால் சீனாவிலேயே சண்டை வரும். சிலர் தித்திக்கத் தித்திக்கப் போடுவார்கள். சிலருக்கு உப்பு மட்டும்தான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சர்க்கரையைச் சீனி என்போம். அந்தப் பேரே சீனாவோடு ஒட்டியதுதான், பிறகு போடாமல் எப்படி? புளிப்பை வெட்ட ஒரு டீஸ்பூன் போதும் என்பது என் கட்சி.

இவ்வளவு பேசுகிறோமே, தக்காளி சீனர்களுக்கு விருந்தாளி. தென் அமெரிக்காவில் பிறந்த செடி. 1621-இல் வாங் சியாங்ஜின் எழுதிய தாவர நூலில் இது அயல்நாட்டுச் செடியாக வருகிறது. அழகுக்கு வளர்த்தார்களே தவிர, பரவலாகச் சாப்பிட ஆரம்பித்தது இருபதாம் நூற்றாண்டில்தான். பேரிலேயே அது தெரியும். வடக்கே ‘ஷீ ஹொங் ஷீ’ என்பார்கள். ஷீ என்று ஆரஞ்சு நிறத்தில் தக்காளி போலவே ஒரு பழம் உண்டு; ‘மேற்கத்திய சிவப்பு ஷீ’ என்று அர்த்தம். தெற்கே ‘ஃபான் சியே’, அயல்நாட்டுக் கத்தரிக்காய். நம் பெரியவர்கள் சீமைத்தக்காளி என்று சொன்னதும் அதே கணக்குத்தான்.

வந்த விருந்தாளி எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால், 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் சீன அணி சிவப்பும் மஞ்சளுமாக உடுத்தி வந்ததும் சீன ஜனங்களே ‘தக்காளி முட்டை’ என்று கேலி செய்தார்கள்.

கடைசியாக, சாப்பிடும் முறை. சுடுசோற்றில் முட்டையை வைத்துச் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் சிவப்பாகக் கொஞ்சம் சாறு மிஞ்சும். அதைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். ஆயி வீட்டில் அந்தச் சாற்றுக்கென்றே இன்னொரு கரண்டி சோறு வைத்திருப்பார். தட்டோடு போட்டுப் பிசைந்து என் பக்கம் தள்ளுவார்.

நன்றி, வணக்கம்.