ஒரே குற்றம், மூன்று முடிவுகள்

தலைவர் அவர்களே, வழக்கறிஞர் நண்பர்களே, சட்டம் பயிலும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

மரண தண்டனையைப் பற்றிப் பேசுவதற்கு நாகர்கோவிலைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பேன். 1956 வரை மலையாள நாட்டோடு இருந்த இந்த மண்ணில், திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இலேயே மரண தண்டனையை ஒழித்துவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1951இல் இங்கும் நடைமுறைக்கு வந்தபோது தூக்குக்கயிறும் கூடவே திரும்பி வந்தது. தூக்கு இல்லாத ஐந்தாண்டுகளில் 962 கொலைகள், தூக்கு திரும்பிய ஐந்தாண்டுகளில் 967 கொலைகள் என்பது ஒழிப்பை ஆதரிப்போர் வெகுகாலமாக எடுத்துக்காட்டிவரும் கணக்கு. இந்த ஐந்து கொலை வித்தியாசத்தை வைத்துக்கொண்டு தூக்கினால் கொலை பெருகும் என்று வாதாட நான் வரவில்லை. தூக்கு போனதும் கொலை பெருகிவிடும் என்ற அச்சத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை என்பது மட்டுமே என் கட்சி. இத்தனைக்கும் பிறகு, 1967இல் வந்த சட்ட ஆணையத்தின் 35ஆம் அறிக்கை, ஒழித்துப் பார்க்கும் சோதனையை இந்தியா இப்போதைக்கு மேற்கொள்ள இயலாது என்று எழுதியது. அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்த ஊரில் உட்கார்ந்துதான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தூக்கு கொலையைத் தடுக்கிறதா என்ற கேள்விக்கு அறிஞர்களும் விடை தேடிக் களைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தூக்கும் ஏறத்தாழ எட்டு உயிர்களைக் காப்பாற்றுகிறது என்று ஐசக் எர்லிக் என்ற பொருளியல் அறிஞர் 1975இல் கணக்கிட்டுச் சொன்னார். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவோ, அத்தகைய ஆய்வுகள் எதையும் வைத்துக் கொள்கை முடிவு எடுக்கக் கூடாது என்று 2012இல் கூறிவிட்டது. வரப்புத் தகராறில் அரிவாளை ஓங்குகிறவன் அந்த நொடியில் சட்டப்பிரிவை நினைத்துப் பார்ப்பதில்லை. திட்டமிட்டுக் கொல்கிறவனோ, மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் திட்டமிடுகிறான். இதற்கு மேல் இந்தக் கேள்வியில் நேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை. என் கவலை வேறு: தூக்குக்கு உரியவர் யார் என்று நம் நீதிமன்றங்களால் ஒரே அளவுகோலால் அளந்து சொல்ல முடிகிறதா?

1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை செல்லும் என்றும், ஆனால் ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் பி.என். பகவதி ஒருவர் மட்டும் மாறுபட்டார். எந்த அமர்வின் முன் வழக்கு வருகிறதோ அதைப் பொறுத்துச் சாவும் வாழ்வும் முடிவாகும் என்பது அவருடைய அச்சம். அந்த அச்சம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதை வழக்கு மன்றத்தில் நின்றவர்கள் அறிவார்கள். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன கையோடு, தண்டனை குறித்து என்ன சொல்கிறாய் என்று அமர்வு நீதிபதி கேட்பார். கூண்டில் நிற்பவர் கைகூப்பி, “வயதான தாயார் இருக்கிறாங்க, குறைந்த தண்டனை கொடுங்கய்யா” என்பார். அந்த ஒரு வரி பதிவாகும். பல வழக்குகளில் மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு தண்டனையும் அறிவிக்கப்பட்டுவிடும். அவர் வளர்ந்த விதம், மனநிலை, சிறையில் நடந்துகொண்ட முறை ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது 2022இல்தான். பச்சன் சிங் தீர்ப்புக்கும் அதற்கும் இடையே 42 ஆண்டுகள்!

ராஜீவ் காந்தி கொலை வழக்கை இங்குள்ள எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை நான்கு பேருக்கு மட்டும் உறுதி செய்தது. இறுதியில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேரின் கதை இன்னும் கொடுமையானது. 2003இல் நடந்த கொலை, வல்லுறவு வழக்கில் அவர்களுள் மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்திருந்ததையும் மாற்றி, ஆறு பேருக்கும் தூக்கு என்று 2009இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதே உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில், கண்ணால் கண்ட சாட்சி காவல் துறையின் புகைப்படத் தொகுப்பில் அடையாளம் காட்டியது வேறு நான்கு பேரை என்பதைக் கவனித்து, ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு. இடையில் கயிறு இறுகியிருந்தால் அந்தத் தொகையை யார் கையில் கொடுத்திருப்பார்கள்?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும்: உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்திருந்தால் இப்படிப் பேசுவீர்களா? பேச மாட்டேன். நானும் தூக்கைத்தான் கேட்பேன். அதனால்தான் சட்டம் தகப்பனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது, நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. ஆனால் 2012 டிசம்பரில் டெல்லியில் மகளைப் பறிகொடுத்த பெற்றோர், குற்றவாளிகள் தூக்கிலிடப்பட்ட 2020 மார்ச் 20 விடியற்காலை வரை மேல்முறையீடு, சீராய்வு, கருணை மனு என்று வாசல் வாசலாக அலைந்ததையும் நான் மறக்கவில்லை. தூக்கு என்று சொல்லி அவர்களை அத்தனை ஆண்டுகள் காக்க வைத்தது நீதி வழங்கிய முறைதானா என்பதையும் தூக்கை ஆதரிப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வழக்கு. ஜீதா சிங், கஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் ஆகிய மூவருக்கும், நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கொன்றதற்காக, உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் அமர்வு நீதிமன்றம் 1975இல் தூக்கு விதித்தது. மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றம் சென்றார்கள். ஜீதா சிங்கின் மனு 1976இல் தள்ளுபடியானது. சிறையிலிருந்தே மனு அனுப்பிய கஷ்மீரா சிங்குக்கு வேறோர் அமர்வு 1977இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு 1978இல் மூன்றாவது அமர்வில் தள்ளுபடியானது. அவருடைய சீராய்வு மனு வந்தபோது, கஷ்மீரா சிங்கின் தண்டனை குறைக்கப்பட்ட செய்தி பதிவகக் குறிப்பில் இருந்தும் எவர் கண்ணிலும் படவில்லை. ஜீதா சிங், ஹர்பன்ஸ் சிங் இருவரையும் தூக்கிலிட 1981 அக்டோபர் 6 என்று நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் சிங் மீண்டும் ஒரு மனு போட்டுத் தடை வாங்கினார். ஜீதா சிங் போடவில்லை, அன்று தூக்கிலிடப்பட்டார்.

1976இல் ஜீதா சிங்கின் மனுவைத் தள்ளுபடி செய்த அமர்வில் இருந்தவர்களுள் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். மற்றொருவர், தூக்குத் தண்டனைக்கு எதிராகப் பிற்காலத்தில் நாடறியக் குரல் கொடுத்த வி.ஆர். கிருஷ்ணய்யர். 1982 பிப்ரவரியில் ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும், அப்போது தலைமை நீதிபதியாகியிருந்த அதே சந்திரசூட்தான். இனிமேல் ஒருவரைத் தூக்கிலிடுவதற்கு முன், உடன் தண்டிக்கப்பட்டவர் எவருக்காவது தண்டனை குறைக்கப்பட்டிருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளர் நேரில் விசாரித்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.