ஈடிபஸிடம் மறைத்த உண்மை

அவைத்தலைவர் அவர்களே, அரங்கம் தந்து உதவிய கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் ஐயா அவர்களே, மழையிலும் வந்திருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். என்னை விடாப்பிடியாக அழைத்து வந்த நூலகர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

கிரேக்க நாடகத்தில் விதி, உண்மையைத் தேடி அழிவது, ஆள்பவனின் கடமை என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது. விதியிலிருந்து தொடங்குகிறேன்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் சோஃபோக்ளிஸ் எழுதிய ‘ஈடிபஸ் அரசன்’ நாடகம். தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். முந்தைய அரசன் லேயஸைக் கொன்றவனை விரட்டினால்தான் நோய் தீரும் என்கிறது டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கு. ஈடிபஸ் கொலைகாரனைத் தேடுகிறான். கடைசியில் அகப்படுவது அவனேதான். கொன்றது பெற்ற தகப்பனை, மணந்தது பெற்ற தாயை. கண்ணைக் குத்திக்கொள்கிறான். ‘எல்லாம் விதி’ என்று நாமும் எழுந்து வந்துவிடுகிறோம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? மறைக்கப் பார்த்தார்கள், ஐயா!

இதற்கெல்லாம் பல வருடம் முன்னால், அவன் வளர்ந்த கோரிந்து நகரத்தில் நடந்த விருந்தை நினைத்துப் பாருங்கள். ஈடிபஸ் அங்கே இளவரசன். மூக்கு முட்டக் குடித்த ஒருவன் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறான்: ‘நீ உன் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை!’ பையன் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறான். மறுநாள் அப்பா பாலிபஸிடமும் அம்மா மெரோப்பியிடமும் நேராகப் போய்க் கேட்கிறான். அவர்களுக்குக் குடிகாரன்மேல் வந்தது பாருங்கள் கோபம்! திட்டித் தீர்க்கிறார்கள். மகனைச் சமாதானப்படுத்துகிறார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் உண்மையான பதில் இல்லை. ஊரிலோ பேச்சு பரவுகிறது. பொறுக்க முடியாமல், வீட்டில் சொல்லாமலே டெல்ஃபிக்குப் போகிறான். அந்தக் கோயிலின் தெய்வமான அப்போலோவும் அவன் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை; ‘தகப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய்’ என்று மட்டும் சொல்கிறான். பையன் பதறி ஓடுகிறான். யாரை விட்டு? தன்னைப் பெறாத, பாசத்தைக் கொட்டி வளர்த்தவர்களை விட்டு. எந்தப் பக்கம்? பெற்றவர்கள் இருக்கும் தீப்ஸ் பக்கம்! மூன்று சாலை கூடும் இடத்தில் வழிமறித்த கிழவரை அடித்துக் கொல்கிறான். அவர்தான் லேயஸ்.

பாலிபஸ் பிள்ளையில்லாத மனிதர். கிதைரோன் மலையில் கைவிடப்பட்ட குழந்தையை உயிராக வளர்த்தார். அந்த அன்பில் நான் குறை காண மாட்டேன். ஆனால் மகன் வாய் திறந்து கேட்ட அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். விதிக்குச் சாலை போட்டுக் கொடுத்தது அந்த மௌனம். பின்னால், அவனைப் பெற்று, தெரியாமல் அவனையே மணந்த யொகாஸ்டாவும் ‘தேடாதே’ என்றுதான் கெஞ்சுகிறாள். முழுப் பூசணிக்காய், சோறு, வேறென்ன சொல்ல?

தத்தெடுத்த பெற்றோர் இந்த அவையில் இருக்கலாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பிள்ளையிடம் சிறு வயதிலேயே சொல்லுங்கள். மடியில் வைத்துக் கதையாகச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் யாரோ ஒரு சித்தப்பா சொல்லி அது தெரிய வேண்டாம். தத்துப்பிள்ளை 18 வயதுக்குப் பிறகு தன் பிறப்பைப் பற்றித் தானே விண்ணப்பித்துக் கேட்க நம் நாட்டுத் தத்தெடுப்பு விதிகளே இடம் தருகின்றன. உறவினர்களே, அந்தக் குழந்தை முன்னால் ‘சொந்தப் பிள்ளையா?’ என்று கேட்காதீர்கள்.

மற்ற இரண்டு தலைப்புக்கும் நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். முதல்வர் அம்மாவிடம் ஒரு விண்ணப்பம்: உங்கள் மாணவர்கள் இந்த நாடகத்தை மேடையேற்றட்டும். தத்தெடுத்த குடும்பங்களை முன்வரிசைக்கு அழையுங்கள். நாடகம் முடிந்ததும் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மனநல ஆலோசகர் அரை மணி நேரம் பேசட்டும். தேதி சொல்லுங்கள், நாற்காலி போட நானே வருகிறேன். நன்றி, வணக்கம்.