சாமி இருந்த பள்ளம்

நேயர்களுக்கு வணக்கம். என்னைய பேசக் கூப்பிட்டப்பவே சொல்லிட்டேன், நான் கலைஞன் இல்லைங்க, கும்பகோணம் பக்கம் பேக்கிங் பட்டறை வச்சிருக்கிறவன், சுவாமிமலை சிலை, தஞ்சாவூர் பெயின்டிங், வீணை இதெல்லாம் கடல் தாண்டிப் போக மரப்பெட்டி அடிச்சு கட்டிக் குடுக்கிற ஆளு, கலையைப் பத்தி என்கிட்ட என்ன இருக்குன்னு. பெட்டியைப் பத்தியே பேசுங்கன்னுட்டாங்க. சரின்னு வந்துட்டேன்.

எங்கப்பா காலத்துல எல்லாத்துக்கும் வைக்கோல்தான். நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்? இப்ப வைக்கோல் வச்சா ஆஸ்திரேலியாக்காரன் பெட்டியை உள்ளயே விடமாட்டான், பூச்சி வருமாம், விதை வருமாம். பலகைக்கே நடு வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏறியிருக்கணும், அதுக்கு முத்திரை குத்தியிருக்கணும், அப்புறம் சிலைக்கு, இது 100 வருஷத்துப் பழசு இல்ல புதுசுதான்னு தொல்லியல் துறைகிட்ட சர்டிபிகேட் வாங்கணும். சாமிக்கும் பேப்பர், பலகைக்கும் பேப்பர்.

பேக் பண்றவனுக்கு நடராஜர் மாதிரி ஒரு தலைவலி கிடையாதுங்க. பிள்ளையார்னா ஒரு போர்வையில சுத்திடலாம். இவரு சடையை விரிச்சு, காலைத் தூக்கி, சுத்தி திருவாசியோட நிக்கிறாரு, எதைப் பிடிச்சு அணைச்சாலும் இன்னொன்னு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அதனால இப்ப ஃபோம்தான், ரெண்டு திரவத்தைக் கலந்து பிளாஸ்டிக் பைக்குள்ள ஊத்துனா இட்லி மாவு மாதிரி பொங்கி, சிலையைச் சுத்தி ஏறி, கொஞ்ச நேரத்துல இறுகிடும். நாலு வருஷம் முன்னாடி ரெண்டடி நடராஜர் ஒன்னு அப்படி ரெடியாகி ஆணியும் அடிச்சாச்சு, கடைசி நேரத்துல கஸ்டமர் போன் பண்ணி, நானே கார்ல வந்து எடுத்துக்கிறேன், பெட்டி வேணாம்னுட்டாரு. வாயில வந்ததைச் சொல்ல முடியுமா, பிரிச்சேன்.

சிலை போயிடுச்சு, ஃபோம் ரெண்டு பாதியா கெடக்கு. முன்பக்கத்துப் பாதியைத் தூக்கி சுவத்துல சாய்ச்சு வச்சேன், டியூப்லைட் வெளிச்சம் விழுது, பாத்தா நடராஜர் உள்ளுக்குள்ள பள்ளமா இருக்காரு. பை இடையில இருந்ததால விரல் நகம், வளையல் இதெல்லாம் மழுங்கிப் போச்சு, ஆனா முகம் தெரியுது. பள்ளமா இருக்கிற முகத்துல ஒரு வேடிக்கை இருக்கு, நாம இந்தப் பக்கம் நகர்ந்தா அதுவும் நம்மளைப் பாத்து திரும்புற மாதிரியே தெரியும். டீ கொண்டாந்த எங்கம்மா அப்படியே நின்னுட்டாங்க. "தம்பி, இதைக் குப்பையில போட்டுடாதடா, சாமி இருந்த இடம்"னாங்க. வெறும் ஃபோம்மா இதுன்னேன். "மண்ணுல இருந்தா மட்டும் சாமியா?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

அந்தக் கேள்வி என்னைய விடவே இல்ல. சுவாமிமலை பட்டறையில என்ன பண்றாங்க? தென்னை ஓலையை மடிச்சு அளவெடுத்து மெழுகுல சிலை செய்யறாங்க, அது மேல காவிரி வண்டல் மண்ணைப் பூசி காயவச்சு, திரும்பப் பூசி, கம்பி கட்டி, சூடு காட்டுறாங்க. மெழுகு உருகி ஓடிடும், உள்ள சாமி உருவத்துல வெறும் இடம் மட்டும் இருக்கும், அதுலதான் உலோகம். எனக்கு சரக்கு வந்தப்புறம் பெட்டி. அவங்களுக்குப் பெட்டிதான் முதல்ல வருது, சரக்கு அதுக்குள்ளயே பொறக்குது. பொறந்ததும் மண்ணை உடைச்சுத் தள்ளிடுவாங்க, அதுக்கு யாரும் பொட்டு வைக்கிறதில்ல.

மண்ணை சாதாரணமா நினைக்கக்கூடாதுங்க. படையெடுப்பு பயத்துல நம்ம கோயில்கள்ல எத்தனை சாமியைக் குழிக்குள்ள இறக்கி மூடினாங்க, அதுவும் பேக்கிங்தானே? திருவாரூர் பக்கம் பத்தூர்ல 1976ல மண்ணை வெட்டுனப்ப ஒரு நடராஜர் கிடைச்சாரு, கைமாறி கைமாறி லண்டனுக்கே போயிட்டாரு. கோயில் லிங்கத்தையும் ஒரு வாதியா வச்சு கேஸ் நடந்துச்சு. சிலை பத்தூருதான்னு காட்ட, அது மேல ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் ஓடுன தடத்தையும் கூட ஆராய்ஞ்சாங்க. 1991ல சாமி திரும்பி வந்தாரு. நானா இருந்தா, மொத வேலையா பிரஷ் போட்டு அந்தக் கரையான் தடத்தைத்தான் தேய்ச்சிருப்பேன்.

தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடம் போனீங்கன்னா திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பாருங்க, 1011ல செஞ்சது, அதுவும் மண்ணுக்குள்ள கெடந்து வந்ததுதான். ஒரு கையை ரிஷபத்து மேல ஊன்ற மாதிரி மடக்கியிருக்காரு, ரிஷபம் இல்ல. ஆனா அந்தக் கைக்குக் கீழ எங்க திமில் இருக்கும், எவ்வளவு உயரம் இருக்கும்னு நமக்குத் தெரியுது. தொழில் புத்தி, நான் மனசுக்குள்ள ஃபோம் ஊத்திப் பாத்தேன்.

ஒருதடவை வெள்ளிக் கவசம் ஒன்னு கட்டச் சொன்னாங்க. சாமி மேல சாத்துற கவசம், சாமிக்கு உறைன்னே வச்சுக்கங்க, ஆனா அதுல இருக்கிற வேலைப்பாட்டைப் பாத்தா அதுவே தனியா ஒரு சிற்பம். மெல்லிசு தகடு, வெளிய எவ்வளவு சுத்தினாலும் அழுத்துனா உள்ள அமுங்கிடும். அதனால உள்ள பழைய வேட்டியும் பஞ்சும் திணிச்சேன். கவசத்தைத் தூக்கிப் பாத்தா பஞ்சுல நெஞ்சும் தோளுமா ஒரு உருவம் உக்காந்திருக்கு, பட்டறைப் பசங்க செருப்பைக் கழட்டிட்டாங்க.

ஜப்பான்ல டீ கிண்ணத்துக்கு மரப்பெட்டியும் சேர்த்து செய்வாங்க, கிண்ணம் செஞ்சவரே பெட்டி மேல எழுதி கையெழுத்துப் போடுவாரு, அந்தப் பெட்டி இல்லன்னா கிண்ணத்துக்கு விலையே குறைஞ்சிடும். இங்க என் பெட்டியில பாதி போற இடத்துல விறகாயிடும். நம்மாளுங்க இன்னொரு ரகம், கண்ணாடி உடைஞ்சா சிதறக்கூடாதுன்னு பெயின்டிங் மேல பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டி அனுப்புவேன், ஒருத்தர் வீட்டுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுப் போனா வெண்ணெய்த்தாழி கிருஷ்ணர் டேப்போடவே மாலை போட்டுக்கிட்டு தொங்குறாரு.

அந்த ஃபோம் பாதி இப்பவும் பட்டறை பரண்மேலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை ஆனா அம்மா தூசி தட்டுறாங்க, பொட்டு வைக்கிற அளவுக்கு இன்னும் போகலை. போன மாசம் மெட்ராஸ்லேர்ந்து வந்த ஒரு கஸ்டமர் அண்ணாந்து பாத்துட்டு, அது என்ன விலைன்னு கேட்டாரு. அது விக்கிறதுக்கு இல்லைங்கன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்பி வச்சேன். கார் தெரு முனை திரும்புறதுக்குள்ள அம்மா உள்ளேர்ந்து கேக்குறாங்க, "எவ்வளவு குடுப்பாராம்?"