அறுவைக்கு முந்தைய வாரங்களில் கஞ்சியும் கட்டிலும் போதாது

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்ய நாள் குறிக்கப்பட்டவர்களையும், அவர்களைவிட அதிகமாகக் கலங்கிப்போயிருக்கும் வீட்டாரையும் மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். நாள் குறித்ததும் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். பெரியவரைக் கட்டிலில் படுக்க வைத்து, "அலையாதீங்க, உடம்பை அலட்டிக்காதீங்க" என்று சொல்லி, வேளாவேளைக்குக் கஞ்சி கொடுக்கிறோம். அன்பினால் செய்வதுதான் என்றாலும், அறுவைக்குத் தேவையான தசை அந்த வாரங்களில்தான் கரைந்துபோகிறது.

இது எத்தகைய அறுவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பைச் சுவரின் தசைவரை ஊடுருவிய கட்டி என்றால், பலருக்குச் சிறுநீர்ப்பையை முழுவதுமாக அகற்றுவார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பியும், பெண்களுக்குப் பல நேரங்களில் கருப்பையும் அத்துடன் அகற்றப்படும். பிறகு பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. நீளத் துண்டை எடுத்து, அதன் வழியாகச் சிறுநீர் வயிற்றின் மேல் ஒட்டிய பைக்கு வந்து சேருமாறு அமைப்பார்கள். அந்தத் துண்டு எடுக்கப்பட்ட இடத்தில் குடலையும் வெட்டி இணைக்க வேண்டியிருப்பதால், அறுவைக்குப் பின் சில நாட்கள் குடல் மந்தமாகவே இருக்கும். வயிறு உப்பும், குமட்டும், சாப்பாடு இறங்காது. அந்த நாட்களை உடல் தன் கையிருப்பைக் கொண்டுதான் கடக்க வேண்டும். அனுபவம் மிக்க மருத்துவமனைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் 90 நாட்களுக்குள் சிறிதும் பெரிதுமாக ஏதேனும் ஒரு சிக்கல் வருகிறது என்பதால், கையிருப்பைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அறுவைக்கு முன் கீமோ கொடுக்கப்படுபவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கிடைக்கின்றன. அது வீணாகக் காத்திருக்கும் காலம் அன்று. கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகக் குழுவினர் இந்த அறுவைக்குக் காத்திருந்த 70 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் உடற்பயிற்சி, புரதம் மிகுந்த உணவு, மனப் பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சி ஆகியவற்றை முன்கூட்டியே அளித்தனர். அறுவை முடிந்த நான்காவது வாரத்தில் ஆறு நிமிட நடைச் சோதனையில் அந்தப் பிரிவினரே மேம்பட்டிருந்தார்கள். டென்மார்க்கில் 107 பேரிடம் நடந்த ஆய்விலோ, பயிற்சி பெற்றவர்கள் அறுவைக்குப் பின் கூடுதல் தூரம் நடந்தார்கள், ஆனால் வீடு திரும்பிய நாள் முந்தவில்லை. ஆகவே "பயிற்சி செய்தால் சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகலாம்" என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

இப்போது கேமராவைச் சற்றுப் பின்னால் தள்ளுகிறேன், நாற்காலி முழுவதும் தெரியட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், இப்படி எழுந்து நின்று மீண்டும் உட்கார வேண்டும். 30 விநாடிகளில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணி, இன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்த வாரம் அதே எண்ணைத் தாண்ட வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். இதனுடன் தினமும் அரை மணி நேர நடை போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே சரியான வேகம். ஒரே மூச்சில் முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடக்கலாம். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை அறுவைக்குப் பிறகு வலியோடு கற்றுக்கொள்வதைவிட, இப்போதே பழகிக்கொள்வது எளிது. இதய நோய் உள்ளவர்களும், கீமோவினால் இரத்த அணுக்கள் குறைந்தவர்களும் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

உணவுக்கு வருகிறேன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை; 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு, 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். இந்தக் கணக்கில் கஞ்சி எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதில் பாசிப்பருப்பும் பால்பவுடரும் சேருங்கள், அல்லது ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். சைவம் உண்பவர்களுக்குப் பன்னீர், தயிர், சுண்டல், வேர்க்கடலை இருக்கின்றன. மூன்று வேளை முடியாவிட்டால் ஆறு வேளையாகப் பிரியுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: கட்டி சிறுநீர்க்குழாயை அடைத்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்த அளவைத் தாமாக உயர்த்தக் கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவை உணவியல் நிபுணரிடம் காட்டி அளவைக் கேளுங்கள். ஆறு மாதங்களில் எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; ஊட்டத்தைச் சரிசெய்வதற்காகவே ஒன்றிரண்டு வாரம் அறுவையைத் தள்ளிவைப்பதும் உண்டு.

சிறுநீரில் இரத்தம் போனவர்களுக்குச் சோகை இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பீடி, சிகரெட்டைப் பற்றி நீண்ட உபதேசம் செய்யப்போவதில்லை. இந்த நோய்க்கு முதன்மையான காரணமே அதுதான், நான்கு வாரங்களுக்கு முன்பாவது நிறுத்தினால் நுரையீரலும் காயமும் தேறும்.

பையைப் பற்றிய பயிற்சியையும் தள்ளிப்போடாதீர்கள். செவிலியர் வயிற்றில் பை ஒட்டவேண்டிய இடத்தைக் குறிக்கும்போது, வீட்டில் வழக்கமாகக் கட்டும் வேட்டியையோ புடவையையோ கட்டிக்கொண்டு, நின்றும் உட்கார்ந்தும் குனிந்தும் காட்டுங்கள். மடிப்பு விழும் இடத்தில் பை ஒட்டாது. பெரியவர் ஒருவர் பையில் தண்ணீரை நிரப்பி, அறுவைக்கு முன்பே இரண்டு நாள் வயிற்றில் ஒட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வந்தார். திரும்பி வந்து, பெல்ட்டை எங்கே போடுவது என்பதுதான் தனக்கு மிச்சமிருக்கும் சந்தேகம் என்றார்.