ஆறாத வாய்ப்புண்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறேன், காயத்திலிருந்து தொடங்குகிறேன். அறுப்பு நேரத்தில் அரிவாள் விரலைக் கிழித்துவிடும். துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். சில நாளில் தோல் மூடிக்கொள்ளும். அங்கே உயிரணுக்களைப் பெருகச் சொல்பவை வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள். காயம் ஆறியதும் அவை அடங்கிவிடும். அடங்குவதுதான் முக்கியம்.

இவற்றில் ஒன்று கிடைத்த கதையை நான் எங்கே போனாலும் சொல்வேன். அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி வேறொரு ஆராய்ச்சிக்காக, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார். பிறந்து இரண்டு வாரமாகும்போது திறக்க வேண்டிய கண், ஒரே வாரத்தில் திறந்துவிட்டது! பல்லும் முந்தி முளைத்தது. அவர் தேடிய விளைவு இதுவல்ல. ஆனாலும் விடவில்லை. தோலை வளரத் தூண்டும் புரதத்தை அதிலிருந்து பிரித்தெடுத்தார். 1986-இல் ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். நம் உமிழ்நீரிலும் அந்தப் புரதம் இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டால் சீக்கிரம் ஆறுகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

சரி, புற்றுநோய்க்கு வருவோம். வாய்ப் புற்றுநோய்கள் பலவற்றில் இந்தப் புரதத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உயிரணுவின் மேல் மிதமிஞ்சி இருக்கின்றன. வளரச் சொல்லும் கட்டளை ஓயாது. கட்டி பெரிதாகப் பெரிதாக இரத்தம் வேண்டும். அதற்கு இன்னொரு காரணியைச் சுரந்து, கரையை வெட்டித் தன் வயலுக்குத் தனி வாய்க்கால் இழுப்பவர் போலப் புது இரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது. அந்தக் காரணியே நோய் எதிர்ப்பு அணுக்கள் சிலவற்றை முதிரவிடாமலும் தடுக்கிறது. மற்றொன்று, டிஜிஎஃப்-பீட்டா, தொடக்கத்தில் கட்டியைக் கட்டுப்படுத்தும். பிற்பாடு கட்டியைத் தாக்கவரும் டி அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களையே அடக்கிவிடும். காயம் ஆறுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அத்தனையும் கட்டியின் கைக்குப் போய்விடுகிறது.

கும்பகோணம் வெற்றிலைக்குப் பேர்போன பகுதி நம்முடையது. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும். புகையிலை போடாமல் வெறும் பாக்கு போட்டாலும் ஆபத்துதான். இதை வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மருந்துகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். வளரத் தூண்டும் புரதத்தின் ஏற்பியை அடைக்கும் செடுக்சிமாப், இரத்தக் குழாய்க் காரணியைப் பிடித்துவைக்கும் பெவசிசுமாப் என்று வந்திருக்கின்றன. எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது, மருத்துவர்தான் முடிவு செய்வார். அப்புறம், வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள். வணக்கம்.