பத்தரை மணிச் சிரிப்பு

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

2025 ஜூலையில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. சி.பி.எஸ். தொலைக்காட்சி தன் பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சியை 2026 மே மாதத்தோடு நிறுத்திக்கொள்ளப் போகிறது என்றது அந்தச் செய்தி. நிதிநிலைதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. 1993இல் டேவிட் லெட்டர்மேன் தொடங்கிவைத்த நிகழ்ச்சி அது. அவருக்குப் பின் ஸ்டீபன் கோல்பேர் நடத்திவந்தார். படித்து முடித்த பிறகும் நாளேட்டை மடிக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன். மனம் போனது லெட்டர்மேனிடமோ கோல்பேரிடமோ அல்ல. அவர்களுக்கு முன்னோடியான, 'டுநைட் ஷோ' என்ற பின்னிரவு நிகழ்ச்சியை நடத்திய ஜானி கார்சனிடம் போனது. கூடவே, நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரத்து மரவீடு ஒன்றின் கூடத்துக்கும் போனது.

1984 ஆகஸ்டில் வேளாண் பொறியியல் படிக்க அங்கே போனேன். எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில். பகலெல்லாம் அவர் அதிகம் பேசமாட்டார். இரவு பத்து இருபதுக்கு மாடிப்படியின் அடியில் நின்று என்னைக் கூப்பிடுவார். நான் புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வருவேன். சோளப்பொரி ஒரு பெரிய கிண்ணத்தில் தயாராக இருக்கும். நியூயார்க்கில் பதினொன்றரைக்கு வரும் கார்சனின் நிகழ்ச்சி, நெப்ராஸ்காவின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், எங்களுக்குப் பத்தரைக்கே வந்துவிடும். உழவர்களும் பார்த்துவிட்டுத் தூங்கலாம்.

முதலில் வாத்திய இசை. இசைக்குழுத் தலைவர் டாக் செவரின்சன் பளபளக்கும் சட்டையில் டிரம்பெட்டோடு நிற்பார். அறிவிப்பாளர் எட் மக்மேன் தன் கனத்த குரலில், "இதோ..." என்பதை மூச்சு உள்ளவரை இழுத்து, "ஜானி!" என்று முடிப்பார். பல வண்ணத் திரை விலகும். கோட்டும் டையும் அணிந்த ஒல்லியான மனிதர் ஒருவர் வெளியே வந்து, கைகளை என்ன செய்வதென்று தெரியாத பள்ளிக்கூடப் பையனைப்போல் ஒரு கணம் நிற்பார். அதற்கே அரங்கம் ஆர்ப்பரிக்கும்.

எங்கள் வீட்டு மூதாட்டிக்கு அவர் வெறும் நட்சத்திரம் அல்லர். கார்சன் பிறந்தது அயோவா மாநிலத்தில் என்றாலும், வளர்ந்தது நெப்ராஸ்காவின் நார்ஃபோக் என்ற சிற்றூரில். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தபாலில் வரவழைத்த மந்திர வித்தைப் பெட்டியை வைத்துக்கொண்டு ஊருக்குள் வித்தை காட்டியவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் படித்தது நான் படித்த அதே நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில். 1949இல் பட்டம் பெற்றார். நகைச்சுவை எப்படி எழுதப்படுகிறது என்பதுதான் அவருடைய ஆய்வுப் பொருள். "நம் நார்ஃபோக் பிள்ளை" என்றுதான் மூதாட்டி சொல்வார்.

மூதாட்டியின் கையில் எப்போதும் ஒரு பின்னல் வேலை இருக்கும். கார்சன் தனியாக நின்று அன்றைய செய்திகளை வைத்துப் பேசும் அந்தத் தொடக்கப் பத்து நிமிடங்களுக்கு ஊசிகள் மடியில் கிடக்கும். விருந்தினர் வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகும் ஊசிகள் நின்றால் விருந்தினர் கெட்டிக்காரர் என்று பொருள். நிகழ்ச்சியின் தரத்தை நான் அந்த ஊசிகளைப் பார்த்தே கண்டுகொள்வேன். அந்த ஆண்டுகளில் கார்சன் வாரம் முழுக்க வருவதில்லை. சில இரவுகளில் வேறொருவர் அவர் நாற்காலியில் இருப்பார். அந்த இரவுகளில் மூதாட்டி பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்.

முதல் சில மாதங்கள் எனக்குப் பாதிக்குமேல் பிடிபடவில்லை. எந்த மேலவை உறுப்பினர், எந்த ஊழல் என்று விளம்பர இடைவேளையில் மூதாட்டி விளக்குவார். ஆனால் மொழி பிடிபடுவதற்கு முன்பே ஒன்று பிடிபட்டுவிட்டது. இந்த மனிதர் பேசாமல் இருக்கும்போதுதான் அரங்கம் அதிகமாகச் சிரிக்கிறது. ஒரு நகைச்சுவை எடுபடாமல் விழுந்துவிட்டால் அவர் அடுத்ததற்கு ஓடமாட்டார். டையைச் சரிசெய்வார். ஒலிவாங்கியை விரலால் தட்டிப் பார்ப்பார். மக்மேன் பக்கம் திரும்புவார். விழுந்த நகைச்சுவையிலிருந்து, எழுந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடப் பெரிய சிரிப்பு அங்கே பிறக்கும்.

இதற்கு மிகப் பெரிய சான்று 1965 ஏப்ரல் 29 அன்று நடந்தது. நான் பார்த்தது மறு ஒளிபரப்பில்தான். எட் ஏம்ஸ் என்ற நடிகர் அப்போது ஒரு தொடரில் செவ்விந்தியராக நடித்துக்கொண்டிருந்தார். கைக்கோடரி எறியும் கலையைக் காட்ட வந்தார். எதிரே மரப்பலகையில் ஓர் ஆளின் உருவம் வரைந்திருந்தது. எறிந்தார். கோடரி போய்க் குத்திய இடம், இந்த வானொலியில் நான் சொல்லக்கூடாத இடம். கைப்பிடி வேறு மேல்நோக்கி நிற்கிறது. அரங்கம் வெடித்தது. ஏம்ஸ் வெட்கப்பட்டு, கோடரியைப் பிடுங்கிவர ஓர் அடி எடுத்துவைத்தார். கார்சன் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். காட்சி அப்படியே நிற்கிறது. சிரிப்பு அடங்குவதுபோல் அடங்கி மீண்டும் எழுகிறது. கார்சன் வாயைத் திறக்கவில்லை. அலை முழுதாக உயர்ந்து, இறங்கத் தொடங்கும் அந்தத் துளி நேரத்தில்தான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மறுபடியும் முதலிலிருந்து சிரிப்பு. வேறு யாராக இருந்தாலும் முதல் நொடியிலேயே ஏதாவது சொல்லிச் சிரிப்பைத் துண்டித்திருப்பார்கள். காத்திருக்கத் தெரிந்தவர் அவர்.

அந்த ஒளிநாடா பிழைத்தது நம் நல்லூழ். 1962 அக்டோபர் 1இல் கார்சன் 'டுநைட் ஷோ'வை ஏற்றார். அவருக்கு முன் ஸ்டீவ் ஆலனும் ஜாக் பாரும் நடத்தியது அது. முதல் பத்தாண்டுகள் நியூயார்க்கில் நடந்தன. 1972இல் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகருக்கு இடம்பெயர்ந்தது. அந்த நியூயார்க் ஆண்டுகளின் நாடாக்களில் பெரும்பகுதி இன்று இல்லை. நாடா விலை அதிகம் என்று பழையதை அழித்து, அதன்மேலேயே புதிய நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்துவிட்டார்கள். பத்தாண்டு இரவுகள்! ஒரு நாடே படுக்கப்போகும் முன் பேசிச் சிரித்த பேச்சு, கரும்பலகையில் எழுதியதைப்போல் துடைக்கப்பட்டுவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மிஞ்சியவை கான்சஸ் மாநிலத்தில், ஹட்சின்சன் என்ற ஊரில், தரைக்கு அடியில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் உள்ள உப்புச் சுரங்கத்தில் பத்திரப்படுத்தப்பட்டன. அங்கே ஈரம் கிடையாது, சூடும் குளிரும் மாறாது.

நான் கண்ணாரக் கண்ட ஓர் இரவைச் சொல்கிறேன். 1987. இந்தியானா மாநிலத்தில் உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்த மிர்ட்டில் யங் என்ற பெண்மணி வந்திருந்தார். விலங்குகளையும் மனித முகங்களையும் ஒத்த வறுவல்களை ஆண்டுக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்தவர் அவர். ஒவ்வொன்றையும் பஞ்சில் வைத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்திருந்தார். மக்மேன் ஏதோ கேட்க, அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து 'மொறுக்' என்று ஓர் ஒலி. திரும்பிப் பார்த்தால் கார்சன் வாயில் வறுவல்! அந்தப் பெண்மணி நெஞ்சில் கைவைத்து மூச்சை உள்ளே இழுத்த அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உடனே கார்சன் மேஜைக்குக் கீழிருந்து கடையில் வாங்கிய வறுவல் நிறைந்த கிண்ணத்தை எடுத்துக் காட்டி, அவரை அமைதிப்படுத்தினார். முதலில் சிரித்தது அந்தப் பெண்மணிதான்.

மூதாட்டியின் ஊசி ஒன்று தரையில் விழுந்து உருண்டதை நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அந்த அம்மாவைக் கேலி செய்யவில்லை, பார்த்தாயா மகனே?" என்றார். வறுவல் பொறுக்குகிறவர் என்று நாலு பேர் நடுவில் இழிவாக்கியிருக்கலாம். எளிதாகக் கைதட்டல் கிடைத்திருக்கும். கார்சன் அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே நடத்தினார். நடிகர் ஜிம்மி ஸ்டூவர்ட் 1981இல் வந்து, இறந்துபோன தன் நாயைப் பற்றித் தானே எழுதிய கவிதையைப் படித்தபோதும் அப்படித்தான். தொடக்கத்தில் வேடிக்கையாகப் போன கவிதை, கடைசி வரிகளில் ஸ்டூவர்ட்டின் தொண்டையை அடைத்தது. கார்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நகைச்சுவைக்காரர் ஒருவர் நாடு பார்க்க அழுவதற்கு வெட்கப்படவில்லை.

இன்று என் பேரப்பிள்ளைகள் இதே காட்சிகளைக் கைபேசியில் பார்க்கிறார்கள். இரண்டு நிமிடத் துண்டு. கோடரி எறிவதும் இருக்கிறது, வறுவலும் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய அரைமணி நேரச் சும்மாப் பேச்சு இல்லை. பென்சிலால் மேஜையில் தாளம் தட்டியபடி விருந்தினர் சொல்வதை அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரம் இல்லை. அந்த மெதுவான நேரத்தில் ஊறித்தான் இந்தச் சிரிப்பு பழுத்தது. என் கண்ணுக்கு, துண்டு மட்டும் காம்பில்லாத பூவாகத்தான் தெரிகிறது.

அவருடைய அரங்கில் எல்லாருக்கும் ஒரே அளவான இடம் கிடைத்ததா என்றால், இல்லை. புதிதாக வந்த நகைச்சுவைக் கலைஞர் திரைக்கு முன்னால் நின்று பேசி முடித்ததும், கார்சன் கையை அசைத்துத் தன் பக்கத்துச் சோபாவுக்குக் கூப்பிட்டால் அவர் வாழ்க்கை மறுநாளே மாறிவிடும். முதல் தோற்றத்திலேயே அப்படிக் கூப்பிடப்பட்ட முதல் பெண் கலைஞர் எல்லன் டிஜெனரஸ். அது நடந்தது 1986இல்! நிகழ்ச்சியை ஏற்று இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து. அதே ஆண்டில், அவரால் வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் போட்டித் தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி தொடங்கியதற்காகக் கார்சன் சாகும்வரை அவரோடு பேசவே இல்லை. நேசிக்கிறவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அது அவருக்கு அழகல்ல.

1991 ஜூனில் அவருடைய மகன் ரிக் இறந்துபோனார். நிழற்படம் எடுக்கப் போன இடத்தில் கார் மலைச்சரிவில் உருண்டுவிட்டது. சில வாரங்கள் கழித்துத் திரும்பிவந்த கார்சன், நிகழ்ச்சியின் முடிவில் மகன் எடுத்த இயற்கைக் காட்சிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். முப்பதாண்டுகள் தன் வீட்டு விவகாரத்தை வேடிக்கையாக மட்டுமே பேசியவர், அன்று ஒரு தகப்பனாக மட்டும் இருந்தார்.

1992 மே 22, வெள்ளிக்கிழமை. அப்போது நான் கான்சஸில் வேலையில் இருந்தேன். முந்தைய இரவு பாடகி பெட் மிட்லர் அவரைப் பார்த்துப் பாடி அழவைத்திருந்தார். கடைசி இரவில் விருந்தினர் யாரும் இல்லை. கார்சன் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். எதிரே குடும்பத்தார், நண்பர்கள், உடன் உழைத்தவர்கள். வெளியே ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் பார்த்தார்கள். தொண்டை கரகரக்க இரவு வணக்கம் சொன்னார். திரையில் கடைசியாக வந்தது கடலோரத்தில் சூரியன் மறையும் படம். ரிக் எடுத்தது.

அதற்குப் பின் அவர் மேடை தேடி அலையவில்லை. வீட்டில் உட்கார்ந்து நகைச்சுவைகள் எழுதி லெட்டர்மேனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது, 2005 ஜனவரி 23இல் அவர் மறைவதற்குச் சில நாட்கள் முன்புதான் ஊருக்குத் தெரிந்தது. அவர் மறைந்த சில நாட்களில் லெட்டர்மேன் தன் தொடக்க உரை முழுவதையும் அந்த நகைச்சுவைகளைக் கொண்டே நிகழ்த்தினார். பார்த்தவர்கள் சிரித்து முடித்த பிறகே அவை யார் எழுதியவை என்று சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு, நிகழ்ச்சி முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போதே லிங்கனுக்குத் தொலைபேசி செய்தேன். இரண்டாவது மணியிலேயே மூதாட்டி எடுத்துவிட்டார். நான் யார் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சற்று நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு அவர்தான் சொன்னார்:

"நம் நார்ஃபோக் பிள்ளை நன்றாக முடித்தான், மகனே. இன்று நான் ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை."

நன்றி, நேயர்களே. வணக்கம்.