மர்ம ஒளியும் கத்தரிக்கோலும்

(மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வாசிகசாலையின் மாதாந்தக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

அழைப்பிதழில் 'பறக்கும் தட்டுகள் உண்மையா?' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கூட்டம் சேரட்டும் என்று தம்பிமார் போட்டிருப்பார்கள். சேர்ந்தும் இருக்கிறது. ஆனால் நான் அதைப் பேசப்போவதில்லை. இந்தப் பக்கத்தில் நாங்கள் சிலர் கொஞ்சக் காலமாக ஒரு வேலை செய்துவருகிறோம். வானத்தில் ஏதோ தெரிந்தது என்று பத்திரிகையும் வானொலியும் யூடியூப்பும் சொல்லும் செய்திகளைச் சேர்த்து, திகதி போட்டு, யார் முதலில் சொன்னார், யார் அதைப் பார்த்து எழுதினார் என்று குறித்துவைக்கிறோம். எங்களில் ஒருவரிடமும் தொலைநோக்கி கிடையாது. கத்தரிக்கோல், பசை, பெரிய கொப்பி, ஒரு பழைய மடிக்கணினி, அவ்வளவுதான். வீட்டில் இதை வெட்டி வேலை என்கிறார்கள். வெட்டுகிற வேலைதானே, மறுக்க முடியவில்லை.

இந்த வேலைக்கு முன்னோடிகள் உண்டு. சார்ள்ஸ் போர்ட் என்று ஓர் அமெரிக்கர், நியூயோர்க் பொது நூலகத்திலும் லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் வருடக்கணக்காக உட்கார்ந்து, தவளை மழை, மீன் மழை, வானத்தில் நகர்ந்த வெளிச்சம் என்று பழைய பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் துண்டுத் தாள்களில் எழுதிச் சேர்த்தார். 1932இல் அவர் இறந்தபோது அந்தத் துண்டுகள் பல்லாயிரம். அப்புறம் டெட் புளோச்சர் என்ற இன்னோர் அமெரிக்கர். 1947ஆம் ஆண்டின் ஜூன், ஜூலை மாதப் பறக்கும் தட்டுச் செய்திகளை மட்டும் எடுத்து, ஊர் ஊராகப் பத்திரிகைகளைப் புரட்டி, 850க்கு மேற்பட்ட காட்சிகளை 1967இல் தொகுத்துக் கொடுத்தார். சுவீடனில் ஆர்வலர் சிலர் 1973இல் தொடங்கிய ஆவணக் காப்பகம் இன்று நோர்ஷோப்பிங் நகரில் கோப்புகள் நிறைந்த நிலவறைகளாக வளர்ந்திருக்கிறது. நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் அங்கே ஒரே கோப்பைப் புரட்டுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

செய்தியை ஏன் பின்தொடர வேண்டும்? வெளிச்சம் சில நிமிடத்தில் போய்விடும், செய்திதான் மிஞ்சும். மிஞ்சியதும் அப்படியே கிடப்பதில்லை. ரோஸ்வெல் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களில் பாதிப் பேருக்காவது அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1947 ஜூலை 8ஆம் திகதி, அமெரிக்காவின் நியூமெக்சிக்கோ மாநிலத்தில் இருந்த அந்த விமானப்படைத் தளமே, பறக்கும் தட்டு ஒன்றைக் கைப்பற்றியிருக்கிறோம் என்று அறிக்கை விட்டது. விட்டது படைத்தரப்பு, கதை கட்டும் நிருபர் அல்ல. அன்று மாலையே அது காலநிலை ஆய்வுப் பலூன் என்று சொல்லிவிட்டார்கள். பத்திரிகைகள் சிரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டன. அதற்குப் பிறகு ஏறத்தாழ முப்பது வருடம் ரோஸ்வெல் பற்றிப் பெரிய பேச்சே இல்லை.

1978இல் ஸ்டான்டன் பிரீட்மன் என்ற ஆய்வாளர், அன்று அந்தச் சிதைவுகளைப் பொறுக்கச் சென்ற ஜெஸ்ஸி மார்செல் என்ற முன்னாள் படை அதிகாரியோடு பேசினார். அங்கிருந்துதான் இன்று நாம் கேட்கும் கதை வளர்ந்தது. வேற்றுக்கிரகவாசிகளின் உடல்கள், இரகசிய மருத்துவப் பரிசோதனை எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. 1947ஆம் ஆண்டுச் செய்தித் துண்டுகளில் உடல் என்ற பேச்சே கிடையாது. 1994இல் அமெரிக்க விமானப்படை, சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க அனுப்பிய 'மோகல்' என்ற இரகசியத் திட்டத்தின் பலூன் அது என்று அறிக்கை வெளியிட்டது. ஆக, முதலில் சொன்னதும் பிழை, அன்று மாலை சொன்னதும் முழு உண்மை இல்லை. இதை யாராவது உங்களுக்கு வாயால் சொன்னால் நம்பவா விடவா என்று யோசிப்பீர்கள். திகதி வாரியாகத் துண்டுகளை மேசையில் பரப்பினால், எது எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று கண்ணுக்கே தெரியும்.

ரோஸ்வெல் அறிக்கைக்கு இரண்டு வாரத்துக்கு முன், 1947 ஜூன் 24ஆம் திகதி, கென்னத் ஆர்னோல்ட் என்ற விமானி அமெரிக்காவின் ரேய்னியர் மலைப்பக்கம் ஒன்பது பொருட்கள் பறப்பதைக் கண்டதாகச் சொன்னார். அவர் விவரித்தது அவை துள்ளித் துள்ளிப் போன விதத்தை. பத்திரிகைகள் அதையே வடிவமாக்கித் தட்டு என்று போட்டன. அவர் வரைந்து கொடுத்த படத்தில் இருப்பது வட்டத் தட்டு அல்ல. இருந்தும் அதற்குப் பிறகு ஊரெல்லாம் வட்டத் தட்டுகளைத்தான் கண்டது!

சரி, நம் ஊருக்கு வருவோம்.

எங்கள் கொப்பிகளில் பெரும்பங்கு வெளிநாட்டுச் செய்தியின் மொழிபெயர்ப்பு. நியூயோர்க் டைம்ஸ் 2017 டிசம்பரில் பென்டகனின் இரகசிய ஆய்வுத் திட்டம் பற்றி எழுதியது, 2023 ஜூலையில் டேவிட் குரூஷ் என்ற முன்னாள் உளவு அதிகாரி அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சி சொன்னது, இப்படிப்பட்டவை. அவற்றைத் தனிக் கொப்பியில் ஒட்டுகிறோம். உள்ளூர்ச் செய்திகளோடு கலந்தால், மட்டக்களப்பு வானம் நெவாடா வானம்போல் ஆகிவிடும்.

உள்ளூர்க் கொப்பியில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. யுத்த காலம். அந்த வருடங்களில் மர்ம ஒளி என்று நம் பக்கத்துச் செய்தி எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை. ஏன் என்று இந்த மண்டபத்தில் நாற்பது வயது தாண்டிய எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. இரவில் வானம் வெளித்தால் அது பரா லைற், படையினர் வானில் மிதக்கவிடும் வெளிச்சக் குண்டு. இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும். வன்னியில் வேவு விமானத்துக்கு வண்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வானத்தில் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் உடனே ஒரு பதில் இருந்தது, பயமும் கூடவே இருந்தது. வேற்றுக்கிரகம் நினைவுக்கு வர ஓரளவு நிம்மதி வேண்டும் போலிருக்கிறது. ஆகவே செய்தி குறைந்த வருடத்தைப் பார்த்து வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். செய்தியின் எண்ணிக்கை வேறு, காட்சியின் எண்ணிக்கை வேறு.

இப்போது வரும் உள்ளூர்ச் செய்திகளில் பலவற்றுக்குப் பதில் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. படுவான்கரை வயல்களில் இரவுக் காவல் இருப்பவர்கள் யானை வெடி போடுகிறார்கள். கடலில் வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிக்கிறார்கள், மேகம் தாழ்ந்த இரவில் அந்த வெளிச்சம் மேலே படும். விடிவெள்ளியை விமானம் என்று நினைத்தவர்கள் உலகமெங்கும் உண்டு, பாசிக்குடாவில் மட்டும் இல்லாமல் போவார்களா? 2019 மே மாதம் முதற்தொகுதி 60 ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏவப்பட்ட பிறகு, வரிசையாக ஊர்ந்து போகும் புள்ளிகளைப் பற்றிய செய்திகள் எல்லா நாட்டிலும் கூடின. ஏவிய சில நாட்களுக்கு அவை நெருக்கமாகப் போகும். கீழே நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் வெயில் படுவதால், பொழுது பட்ட பிறகும் விடிவதற்கு முன்பும் நன்றாகத் தெரியும்.

எனக்கு மிகவும் சுவையானது ஸ்ரீஹரிகோட்டா விஷயம். இந்தியாவின் அந்த ஏவுதளம் மட்டக்களப்பிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 700 கிலோமீற்றர். வடக்குத் தெற்காகப் பூமியைச் சுற்றும் துருவப் பாதையில் செய்மதியை அனுப்ப பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் தெற்கே போக வேண்டும். நேரே தெற்கே போனால் நம் தலைக்கு மேலே வரும். எரிந்து முடிந்த பகுதிகள் இலங்கையில் விழக்கூடாது என்பதற்காக அதை முதலில் தென்கிழக்காக அனுப்பி, கடலுக்கு மேலே வந்ததும் தெற்கே திருப்புகிறார்கள். அந்தத் திருப்பத்தில் எரிபொருள் வீணாகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ரொக்கெட்டுகளுக்குப் புதிய தளம் கட்டுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அங்கிருந்து தெற்கே தடையில்லாமல் அனுப்பலாம். அதுவரை அந்த வளைவான பாதைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார்? வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நாம்தான். இருட்டு வேளையில் ஏவினால் வடக்கு, வடகிழக்குப் பக்கமாக ஒரு நெருப்புப் புள்ளி ஏறுவதைக் காணலாம். விடியலுக்குச் சற்று முன் ஏவினால், உயரத்தில் விரியும் புகையில் வெயில் பட்டு இழுதுமீன்போல விரிந்து நிற்கும். அப்படி ஒன்றைக் கடலில் தோணியிலிருந்து கண்டவரிடம் போய் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் கண்டது உண்மை. அவர் எந்தத் திசையில், எத்தனை மணிக்குக் கண்டார் என்பதுதான் வேண்டும். எங்கள் மணிக்கூடும் இந்திய மணிக்கூடும் 2006 ஏப்ரலிலிருந்து ஒன்றுதான், ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். 2024 டிசம்பர் 30ஆம் திகதி இரவு பத்து மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி60 ஏவப்பட்டது. அந்த இரவுக்கு ஒரு செய்தித் துண்டு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பத்து மணியைத்தான்.

துக்கமான விஷயம், செய்தியில் முதலில் காணாமல் போவதும் இதே நேரமும் திசையும்தான். உள்ளூர் நிருபர் இரண்டையும் எழுதி அனுப்பியிருப்பார். கொழும்பில் இடம் போதாது, வெட்டுவார்கள். 'மர்ம ஒளி, மக்கள் அச்சம்' மட்டும் தப்பிப் பிழைக்கும். அதை இணையத்தளம் ஒன்று எடுத்துப் போடும், அதிலிருந்து வேறொன்று, பிறகு முகநூல். கடைசியில் பத்து இடத்தில் வந்த செய்தி என்று ஒருவர் சத்தியம் செய்வார். பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே எழுத்துப்பிழை எல்லாவற்றிலும் இருக்கும். எழுத்துப்பிழையை இவ்வளவு நேசிக்கும் ஆட்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். விளக்கம் வந்த செய்தியையும் வெட்டி ஒட்ட வேண்டும். ஆர்வலர்கள் பலர் அந்த இடத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். 2012 டிசம்பர் 29ஆம் திகதி பொலன்னறுவை அரலகங்வில பக்கம் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்கள் நினைவிருக்கிறதா? அவற்றில் நுண்ணுயிர்ப் புதைவடிவங்கள் இருப்பதாக, அதாவது பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்குச் சான்று என்று, பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்க குழுவினர் 2013இல் அறிவித்தபோது அது உலகச் செய்தி. அவை விண்கல்லே அல்ல, சாதாரண நிலக்கல்லாக இருக்கலாம், உயிர்த்தடயங்கள் நம் நீர்நிலைகளிலிருந்து புகுந்தவையாக இருக்கலாம் என்று மற்ற ஆய்வாளர்கள் எழுதியது எத்தனை பேர் கண்ணில் பட்டது? அதற்கு நேர்மாறு 2015 நவம்பர் 13ஆம் திகதி. டபிள்யூ.டி. 1190 எப் என்ற விண்வெளிக் கழிவு இலங்கையின் தென்கரைக்கு அப்பால் விழும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்ன நேரத்தில் பட்டப்பகலில் அது வந்து எரிந்தது. பின்னாளில், 1998இல் சந்திரனுக்குக் கலம் அனுப்பிய ரொக்கெட்டின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்றார்கள். விளக்கம் முதலிலேயே வந்ததால் அதில் மர்மம் ஒட்டவே இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எல்லாம் வதந்தி, சிரித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 ஓகஸ்ட் மாதத்தை யோசித்துப் பாருங்கள். கிறீஸ் பூதம், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பேச்சு. இங்கேயும் பொத்துவில் பக்கத்திலும் மக்கள் இரவிரவாக விழித்திருந்தார்கள். ஓர் ஊரின் செய்தி அடுத்த ஊரின் பயத்தை வளர்த்தது உண்மைதான். ஆனால் எல்லாம் வதந்தி என்று ஒரே சொல்லில் மூடியவர்கள், பயந்த பெண்கள் சொன்ன வாக்குமூலங்களையும் சேர்த்து மூடிவிட்டார்கள். வானத்து மர்மக் காட்சிகளை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' திட்டம் 1969இல் மூடப்படும்வரை 12,618 அறிக்கைகளைப் பார்த்து, 701ஐ அடையாளம் காணப்படாதவை என்று விட்டுவைத்தது. நம்புகிறவர் 701ஐ மட்டும் சொல்வார், நம்பாதவர் மிகுதியை மட்டும் சொல்வார். கொப்பியில் இரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு. வீடியோ எடுத்தால் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், தரமும் குறையும், எடுத்த நேரமும் இடமும் பற்றிய விபரங்களும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வீடியோவில் ஒரு தென்னை, ஒரு கோபுரம், ஒரு பள்ளிவாசல் மினாரா, ஏதாவது நிலையான பொருள் விழட்டும், அது இல்லாமல் வெளிச்சம் நகர்ந்ததா உங்கள் கை ஆடியதா என்று சொல்ல முடியாது. பழைய பத்திரிகைக்கு 'நூலகம்' எண்ணிமத் தளத்தில் தேடுங்கள், ஈழத்துப் பத்திரிகைகள் பல ஏறியிருக்கின்றன. வீட்டில் அலுமாரித் தட்டுகளுக்கு விரித்த பழைய பேப்பர் இருந்தால் எறிவதற்கு முன் ஒரு முறை புரட்டுங்கள். 'மர்மப் பொருள்' என்று போட்டுத் தேடினால் கரையொதுங்கிய மிதவைகள்தான் முதலில் வந்து விழும், பொறுமையாக இருங்கள்.

சரி, கேள்விகளைக் கேளுங்கள். முன்வரிசையில் ஐயா கையைத் தூக்கி வெகுநேரமாகிறது.